மூன்று ஜாப் கார்டிலும் அந்தச் சத்தம் இல்லை

வாசகி கடிதம்: ஐயா, நான் கொளத்தூரில் வசிக்கும் அரசுப் பள்ளி ஆசிரியை. 14 மாதங்களுக்கு முன் கடன் வாங்கி, எட்டரை லட்சத்துக்கு ஒரு பெட்ரோல் கார் வாங்கினேன். மூன்றாவது மாதத்திலிருந்து ஸ்பீட் பிரேக்கரில் இறங்கும்போதெல்லாம் முன்பக்கம் இடது ஓரத்தில் 'டக் டக்' என்று சத்தம். அம்பத்தூர் பக்கம் இருக்கிற டீலர் சர்வீஸ் சென்டரில் மூன்று முறை சொல்லிவிட்டேன். மூன்று முறையும் 'நார்மல்தான் மேடம், புது வண்டி, ஓட ஓட செட் ஆயிடும்' என்றார்கள். போன மாதம் ஓராண்டு ஃப்ரீ சர்வீஸுக்கு விட்டேன். வகுப்பில் இருந்தபோது போன் வந்தது, 'கொஞ்சம் எக்ஸ்ட்ரா வேலை இருக்கு மேடம், பண்ணிடட்டுமா?' சரி என்றேன். பில் 12,740 ரூபாய். சத்தம் அப்படியே இருக்கிறது. கம்பெனியிலிருந்து மதிப்பெண் கேட்டார்கள், பத்துக்கு நாலு கொடுத்தேன். அன்று மாலையே அந்த சர்வீஸ் அட்வைசர் தம்பி அழாத குறையாகப் பேசினான்: 'என் இன்சென்டிவ் போச்சு மேடம். திரும்ப கால் வந்தா பத்துன்னு சொல்லிடுங்க.' அவனுக்கு 22, 23 வயதுதான் இருக்கும். மனது கேட்கவில்லை. எங்கள் தெரு மெக்கானிக் வண்டியை ஓட்டிப் பார்த்து, லிங்க் ராடு என்கிறார். அவரிடமே மாற்றினால் வாரன்ட்டி போய்விடுமா? கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போனால் புது வண்டியே கிடைக்கும் என்கிறான் என் தம்பி. நான் என்ன செய்யட்டும்?

பதில்:

வணக்கம் டீச்சர். கடிதத்தோடு மூன்று ஜாப் கார்டையும் (வண்டியை விடும்போது வேலைகளை எழுதித் தருகிற தாள்) பில்லையும் படம் எடுத்து அனுப்பியிருந்தீர்கள். அது பெரிய உதவி. கடிதத்தைவிட அவற்றைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் கார்டில் 'இரண்டாவது ஃப்ரீ சர்வீஸ்' என்று இருக்கிறது. இரண்டாவதில் 'ஜெனரல் செக்கப், வாட்டர் வாஷ்'. மூன்றாவதில் 'ஓராண்டு சர்வீஸ், அலைன்மென்ட்'. வாடிக்கையாளர் சொன்ன குறைகளை எழுதுவதற்கென்றே ஒரு கட்டம் உண்டு. மூன்றிலும் அது காலி. 11 மாதமாக நீங்கள் வாயால் சொன்ன சத்தம் ஓரிடத்தில்கூட எழுத்தில் ஏறவில்லை. அந்த டீலரின் கம்ப்யூட்டரிலும் கம்பெனியின் கணக்கிலும், உங்கள் வண்டி ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் வண்டி.

இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். சென்னையில் 26 ஆண்டுகள் ஒர்க்‌ஷாப்பில் இருந்தவன் நான், சர்வீஸ் அட்வைசராகவும் பிறகு மேனேஜராகவும். காலை ஒன்பது மணிக்கு வாசலில் பத்துப் பன்னிரண்டு வண்டி நிற்கும். அட்வைசர் கையில் டேப்லெட். கிலோமீட்டரைப் பார்க்க வேண்டும், கீறலைப் படம் எடுக்க வேண்டும், எஸ்டிமேட் போட வேண்டும், ஒரு வண்டிக்குப் பத்து நிமிடம் கிடைத்தால் அதிகம். 'ஆயில் சர்வீஸ்' என்பது ஒரு பொத்தான். 'இடது பக்கம் டக் டக்' என்பதை டைப் அடிக்க வேண்டும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. சத்தம் என்று எழுதினால் யாராவது உட்கார்ந்து தேட வேண்டும். தேடுகிற நேரத்துக்கு யாரும் காசு தரமாட்டார்கள். கண்டுபிடித்தாலும் வாரன்ட்டி கிளெய்ம் போட்டு, படம் அனுப்பி, கம்பெனி ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். அதே குறை இரண்டாவது முறை கார்டில் ஏறினால் அது 'ரிப்பீட் ஜாப்', ஒர்க்‌ஷாப்புக்குக் கெட்ட பெயர். எழுதாமல் விட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. எல்லாரும் இப்படிச் செய்கிறார்கள் என்று சொல்லமாட்டேன். மனசாட்சியோடு வேலை செய்கிற அட்வைசர்கள் பலரை எனக்குத் தெரியும். ஆனால் வேலை நெருக்கும்போது கை போகிற பக்கம் இதுதான்.

நானும் இதைச் செய்திருக்கிறேன். கிண்டி பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருந்தபோது நங்கநல்லூரிலிருந்து ஒரு பெரியவர் வருவார். பின்னாலிருந்து சத்தம் வருகிறது என்பார். நான் தனியாக ஓட்டிப் பார்ப்பேன், ஒன்றும் கேட்காது, 'நார்மல் சார்' என்று சாவியைக் கொடுத்துவிடுவேன். மூன்று முறை இப்படி. நாலாவது முறை வந்தபோது பின்சீட்டில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். பெரியவர் கார்டை வாங்கி, சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்து, நிறுத்தி நிதானமாக எழுதினார்: 'பின்சீட்டில் ஆள் உட்கார்ந்தால் மட்டும்.' அன்றைக்கு அந்த அம்மாவை உட்கார வைத்தே ஓட்டினேன். தெரு முனை திரும்புவதற்குள் கேட்டுவிட்டது. பின் ஷாக் அப்சார்பரின் மேல் நட்டு லூஸ், பத்து நிமிட வேலை. ஒவ்வொரு முறையும் அவரை வெயிலில் திருப்பி அனுப்பியது இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான். அந்த ஒரு வரி முதல் கார்டிலேயே இருந்திருந்தால் நானே தப்பித்திருக்க முடியாது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை கோர்ட்டும் இல்லை, மெக்கானிக்கும் இல்லை. நாலாவதாக ஒரு ஜாப் கார்டு போட வேண்டும். அதில் உங்கள் குறை உங்கள் வார்த்தையிலேயே இருக்க வேண்டும்.

'சத்தம் வருகிறது' என்று மட்டும் எழுதினால் பயன் இல்லை. இப்படி எழுதுங்கள்: 'முன்பக்கம் இடது சக்கரத்தில், 15 முதல் 20 கி.மீ. வேகத்தில் ஸ்பீட் பிரேக்கரில் இறங்கும்போது, இரண்டு முறை டக் டக். காலையில் முதலில் எடுக்கும்போது அதிகம். இதே குறையை முன்பு மூன்று முறை நேரில் தெரிவித்துள்ளேன்.' அந்த மூன்று தேதிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில் அதிகமா, மழைக்குப் பிறகு அதிகமா, நாலு பேர் ஏறினால் அதிகமா என்பதை இரண்டு நாள் கவனித்துவிட்டு உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். உங்கள் தம்பியை இடது சீட்டில் உட்காரவைத்து, போனைக் காலடியில் பிடித்து ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். கார்டில் எழுத இடம் இல்லை என்றால் வெள்ளைத் தாளில் எழுதி, ஒரு நகலில் அவர்கள் கையெழுத்தும் சீலும் வாங்குங்கள். அதற்கும் மறுத்தால் அங்கேயே நின்று அதே வரிகளை டீலருக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கும் மெயில் போடுங்கள். அதுவும் எழுத்துதான்.

சனிக்கிழமை போகாதீர்கள். ஒர்க்‌ஷாப்பில் அதுதான் திருவிழாக் கூட்டம். செவ்வாய், புதன் பார்த்து ஒரு நாள் விடுப்பு போடுங்கள். முடிந்தால் முந்தின நாள் மாலையே வண்டியை விட்டுவிட்டு, மறுநாள் காலை இன்ஜின் சூடாவதற்கு முன் டெக்னீஷியனை ஓட்டச் சொல்லுங்கள். ஓட்டும்போது நீங்கள் கூட உட்கார வேண்டும். 'இன்சூரன்ஸ் பிரச்சினை மேடம், கஸ்டமர் வரக்கூடாது' என்றால், நீங்கள் ஓட்டுங்கள், அவர் உட்காரட்டும். அம்பத்தூர் எஸ்டேட் உள்சாலைகளில் ஸ்பீட் பிரேக்கருக்குப் பஞ்சமில்லை.

உங்கள் தெரு மெக்கானிக் சொன்னது சரியாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இந்த மாதிரிச் சத்தத்துக்கு ஸ்டெபிலைசர் லிங்க் (அவர் சொன்ன லிங்க் ராடு இதுதான்), லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுன்ட், சஸ்பென்ஷனின் இந்த மூன்று பாகங்களில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணம். ராம்ப்பில் தூக்கினால் சக்கரம் தொங்கும். அந்த நிலையில் லிங்க்கின் ஆட்டம் கையில் தெரியாமல் போகலாம். 'செக் பண்ணிட்டோம், ஒண்ணுமில்ல' என்று அவர்கள் சொன்னது பொய்யாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. சக்கரம் தரையில் நிற்கும்போதும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் மெக்கானிக்கைக் கழற்ற விடாதீர்கள். அவர் காதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், ஸ்பானர் வேண்டாம். கழற்றிவிட்டால் பழைய பாகம் என்ற சாட்சி போய்விடும். இலவசமாகக் கிடைக்க வேண்டியதற்கு நீங்கள் காசு கொடுப்பீர்கள். வெளியே காட்டினாலே வாரன்ட்டி போய்விடும் என்று சொல்வது அதிகப்படி. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தபோது இதையும் சேர்த்தே சொன்னது: வெளி மெக்கானிக்கிடம் போனார் என்பதற்காக வாரன்ட்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக்கூடாது, வெளியே செய்த தவறான வேலையால் சேதம் வந்தால் அந்த அளவுக்கு மட்டும் மறுக்கலாம். கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. அந்த உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் கவுன்டரில் வாதாட வேண்டிய அவசியம் இல்லை. பஞ்சர், கழுவுதல், பல்பு இவற்றுக்கு எங்கே வேண்டுமானாலும் போங்கள். சஸ்பென்ஷன், இன்ஜின், வயரிங் பக்கம் வாரன்ட்டி முடியும்வரை வெளியே யாரும் கை வைக்க வேண்டாம். வாரன்ட்டி புத்தகத்தில் ரப்பர், புஷ் பாகங்களுக்கு மட்டும் குறைவான காலம் போட்டிருக்கிறார்களா என்று இன்றைக்கே பாருங்கள். சில கம்பெனிகள் அப்படிப் போடுவதுண்டு, அப்படி இருந்தால் உங்களுக்கு நாள் குறைவு.

பலருக்குத் தோன்றாத ஒரு வழியும் இருக்கிறது. வாங்கிய டீலரிடமே சர்வீஸ் விட வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. அதே கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற எந்த சர்வீஸ் சென்டருக்கும் போகலாம், வாரன்ட்டி அப்படியே நிற்கும், ஃப்ரீ சர்வீஸும் உண்டு. சென்னையில் ஒரே கம்பெனிக்குப் பல டீலர்கள் இருக்கிறார்கள். நாலாவது முறையும் 'நார்மல்' என்றால் வேறு டீலரிடம் போய், அங்கேயும் அதே வரிகளை எழுதி ஒரு கார்டு போடுங்கள். அவர் 'ஆமாம், குறை இருக்கிறது' என்று எழுதிவிட்டால் அதைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடைக்காது.

பில்லுக்கு வருகிறேன். ஃப்ரீ சர்வீஸ் என்றால் லேபர் மட்டும்தான் இலவசம், ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் காசு உண்டு. உங்கள் பில்லில் ஆயில், ஆயில் ஃபில்டர் 3,420. ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர் 1,180. அலைன்மென்ட், பேலன்சிங் 1,250. ஆக 5,850 ரூபாய். இதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை.

மீதி 6,890 ரூபாய் அந்த 'கொஞ்சம் எக்ஸ்ட்ரா வேலை'. இன்ஜெக்டர் கிளீனிங் 1,550: 9,000 கிலோமீட்டர்கூட ஓடாத, பிக்கப் குறையாத பெட்ரோல் வண்டிக்கு இது தேவையே இல்லை. இன்ஜின் ஃப்ளஷ் 450: ஒழுங்காக ஆயில் மாற்றுகிற புது இன்ஜினுக்கு எதைக் கழுவுவது? ஏசி டிஸ்இன்ஃபெக்‌ஷன் 1,490: ஏசி போட்டதும் ஈர நாற்றம் வந்தால் செய்யலாம், நீங்கள் நாற்றம் என்று சொல்லவில்லை, ஃபில்டரும் புதிதாகப் போட்டாயிற்று. அடிப்பகுதி ஆன்ட்டி ரஸ்ட் கோட்டிங் 3,400: பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈசிஆர் பக்கம் உப்புக் காற்றில் நிற்கிற வண்டி என்றால் நானே போடச் சொல்வேன். கொளத்தூரில் ஷெட்டுக்குள் நிற்கிற வண்டிக்கு அவசரம் இல்லை. இவை எதுவும் உங்கள் வண்டியின் கையேட்டில் ஓராண்டு சர்வீஸ் அட்டவணையில் இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்த கையேடுகளில் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் இவற்றுக்கு 'விஏஎஸ்' (வேல்யூ ஆடட் சர்வீஸ்) என்று பெயர். மாதத்துக்கு இத்தனை விற்க வேண்டும் என்று ஒவ்வோர் அட்வைசருக்கும் இலக்கு உண்டு. அந்தப் போன் 11 மணிக்கும் ஒரு மணிக்கும் நடுவில் வரும், நீங்கள் வேறு வேலையில் இருக்கும்போது. இனிமேல் பதில் ஒன்றே ஒன்று: 'என்ன வேலை, எவ்வளவு, ஏன் என்று வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.' பாதி வேலை அங்கேயே காணாமல் போகும்.

கொடுத்த பணம் திரும்புமா? ஒரு மெயில் போட்டுப் பார்க்கலாம். எந்த வேலை என்றோ, என்ன விலை என்றோ சொல்லாமல் போனில் 'சரி' வாங்கியதையும், இந்த நாலும் கையேட்டில் இல்லாததையும் எழுதி, காரணத்தை எழுத்தில் கேளுங்கள். காரணம் எழுத முடியாத மேனேஜர் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதையோ அடுத்த பில்லில் கழிப்பதையோ நான் பார்த்திருக்கிறேன். முழுதும் வரும் என்று நம்பிக்கை தரமாட்டேன். அடுத்த முறை பில் தப்பாகத் தெரிந்து, ஆனால் பணம் கட்டினால்தான் கேட் பாஸ் என்று நின்றால், கட்டிவிட்டு பில்லின் மேல் 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டெலிவரி எடுக்கும்போது நீட்டுகிற தாளில் 'வேலை திருப்தியாக முடிந்தது' என்று அச்சடித்திருக்கும். கையெழுத்துக்கு மேலேயே 'சத்தம் இன்னும் உள்ளது' என்று எழுதுங்கள்.

இனி அந்தப் பையன். உங்களைத் தூங்கவிடாதது சத்தத்தைவிட இதுதான் என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிந்தது. அவன் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும். அந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் டீலருக்குக் கம்பெனி தரும் சலுகை, டீலரிடமிருந்து அட்வைசருக்கு வரும் இன்சென்டிவ் எல்லாம் நடக்கிறது. பல இடங்களில் எட்டு வாங்கினாலே விளக்கம் கேட்பார்கள். தேடுவதற்கு நேரம் தராத நிர்வாகம், விஏஎஸ் விற்கச் சொன்ன நிர்வாகம், மதிப்பெண் குறைந்ததும் கை வைப்பது அந்தப் பையனின் பையில். இது அநியாயம், பல ஆண்டுகள் அதை நடத்துகிற நாற்காலியில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

ஆனாலும் பத்து கொடுக்காதீர்கள் டீச்சர். நீங்கள் பத்து என்று சொன்ன நிமிடமே உங்கள் புகார் 'வாடிக்கையாளர் திருப்தி' என்று மூடப்படும். நாளைக்கு நீங்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் அந்தப் பத்தை உங்களுக்கு எதிராகவே எடுத்து நீட்டுவார்கள். அதற்குப் பதிலாக, மறுபடி கால் வந்தால் இப்படிச் சொல்லுங்கள்: 'அட்வைசர் மரியாதையாகப் பேசினார், அதில் குறை இல்லை. ஒர்க்‌ஷாப் சத்தத்தைச் சரி செய்யவில்லை. கேட்காத வேலைக்கு பில் போட்டார்கள். என் நாலு மதிப்பெண் அதற்குத்தான்.' இதையே மெயிலிலும் எழுதுங்கள். அந்தப் பையனிடமும் சொல்லுங்கள்: 'தம்பி, உன் மேல கோபம் இல்ல. என் சத்தத்த கார்டுல எழுது, சரி பண்ணிக் குடு, நானே கூப்பிட்டு மார்க்கை மாத்தச் சொல்றேன்.' பரீட்சையில் எழுதாத விடைக்கு நீங்கள் மார்க் போடமாட்டீர்கள். எழுதினால் போட மறுக்கவும் மாட்டீர்கள். அவனுக்கும் அது புரியும்.

உங்கள் தம்பி சொல்கிற புது வண்டி, இந்தக் குறைக்குக் கிடைக்காது. வாரன்ட்டி என்பது பழுதான பாகத்தைச் சரிசெய்யவோ மாற்றவோ கொடுத்த வாக்கு, அதற்காக முழு வண்டியை மாற்றச் சொல்ல முடியாது என்று 2006-லேயே ஒரு கிளட்ச் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. லிங்க் ராடு மாட்டினால் தீருகிற குறைக்கு எட்டரை லட்சம் கேட்டால் உங்கள் நியாயமான கோரிக்கையும் சேர்ந்து பலவீனமாகும்.

மற்றபடி வழி திறந்தே இருக்கிறது. நாலாவது கார்டுக்கும் தீரவில்லை என்றால் டீலரின் சர்வீஸ் மேனேஜர், அவருக்கு மேல் டீலர் முதலாளி, கூடவே கம்பெனியின் ஏரியா சர்வீஸ் மேனேஜர், மூவருக்கும் ஒரே மெயில் போட்டு, கம்பெனி டெக்னிக்கல் ஆள் முன்னிலையில் வண்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். 15 நாள் கெடு கொடுங்கள். பிறகு 1915. அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். நிறைய கேஸ் அங்கேயே முடிந்துவிடும். அதுவும் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி டீலர் எங்கே இருந்தாலும் நீங்கள் வசிக்கிற இடத்து ஆணையத்திலேயே போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, ஐந்துக்கு மேல் பத்து லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் கட்டாயம் இல்லை, ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். குறை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். உங்களுக்கு 11 மாதம் ஓடிவிட்டது. மூன்று மாதத்தில், வண்டியைப் பரிசோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் கூடத்தான் ஆகும். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் சமரசத்துக்கு அனுப்புவார்கள். உங்கள் வழக்குக்கு அதுவே பொருத்தம்.

போட்டால் டீலரையும் கம்பெனியையும் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் கார் செய்கிற ஊர் நம்முடையது. அதனால் 'ஃபேக்டரி பக்கத்துலதானே இருக்கு, நேரா கம்பெனியைக் கேட்டுடலாம்' என்ற எண்ணம் இங்கே அதிகம். டீலர் கம்பெனியின் கிளை கிடையாது, தன் பொறுப்பில் வாங்கி விற்கிற தனி வியாபாரி. 2011 மாடலுக்குப் பணம் வாங்கிக்கொண்டு, ஏற்கெனவே ஓடிய 2009 மாடலைக் கொடுத்துவிட்ட கோவா டீலர் ஒருவரின் வழக்கில், கம்பெனிக்குத் தெரிந்தே நடந்தது என்று காட்டாதவரை அதன் பொறுப்பு டீலருடையதுதான் என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் விஷயத்தில் வாரன்ட்டி கம்பெனி கொடுத்தது, பில் டீலர் போட்டது. இருவரும் பதில் சொல்லட்டும்.

இவ்வளவு தூரம் போக வேண்டி வராது என்றே நினைக்கிறேன். செவ்வாய்க்கிழமை போகிறீர்கள் என்றால், கார்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அந்தக் கட்டத்தில் உங்கள் வரிகள் இருக்கின்றனவா என்று பார்த்து உடனே சொல்கிறேன். காலை எட்டரையிலிருந்து போனைப் பக்கத்திலேயே வைத்திருப்பேன்.